டுகுலி பேக்கரியில் நடந்த ஒத்திகை

எங்கள் ஊருக்கு இன்னும் வந்தே சேராத ஒரு நோயால் லோர்ப்பு என்ற பெண்ணுக்கு வேலை போகப் பார்த்தது. நோய் பிறகு வந்தது, அது வேறு கதை. நான் சொல்வது அதற்கு முந்தைய சில வாரங்களில், எங்கள் தலைநகர் மன்ரோவியாவில், பெயின்ஸ்வில் பக்கம் இருக்கும் டுகுலி பேக்கரியில் நடந்தது.

அந்த பேக்கரியில் ஆள் விவகாரம் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். யாரை எடுப்பது, யாரை அனுப்புவது, யார் யாருடைய மதியச் சோற்றை எடுத்துத் தின்றது, பாட்டி செத்துப்போனாள் என்று லீவு வாங்கியவன் கால்பந்து மைதானத்தில் யார் கண்ணில் பட்டான், எல்லாம். என் பெயர் மார்த்தலின். என்னைக் கண்டால் பயப்படுவார்கள் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பயந்திருந்தால் இவ்வளவு பேர் பொய் சொல்ல மாட்டார்கள்.

முதலாளி லன்சானா டுகுலி பருத்த மனிதர், நல்ல மனிதர். கடைசியாகப் பேசியவர் யாரோ அவர் சொன்னதைச் செய்பவர். எங்கள் ரொட்டியில் பாதியை வடக்கே மலையில் இரும்பு தோண்டும் ஒரு கம்பெனி வாங்கிக்கொண்டிருந்தது. 2020 பிப்ரவரியில் அந்தக் கம்பெனி ஒரு விஷயம் சொல்லி அனுப்பியது. சீனாவில் ஏதோ கிளம்பியிருக்கிறதாம். சரக்கு தருகிறவர்கள் எல்லோரும் தொற்றுநோய்க்குத் தயாராக இருக்க வேண்டுமாம். திட்டம் வேண்டும், ஒத்திகை வேண்டும், அவர்கள் ஆள் நேரில் வந்து பார்ப்பார். தேறாவிட்டால் ரொட்டியை வேறு இடத்தில் வாங்கிக்கொள்வார்கள்.

“தொற்றுநோய்க்குத் தயாரா இருக்கறது எப்படின்னு நமக்கே சொல்லித் தர்றாங்களா?” என்றார் முதலாளி. “எபோலா வந்தப்ப விமானத்துல ஓடினது யாரு, இங்கயே கிடந்தது யாரு?”

“அதைத் திட்டத்துல எழுதவா முதலாளி?”

“வேண்டாம், வேண்டாம். பாதி ரொட்டி அவங்களுது.”

திட்டத்தின் முதல் பக்கத்திலேயே சண்டை வந்தது. நோய் வந்தால் யார் அவசியமானவர், யார் அவசியமில்லாதவர் என்று பிரிக்கச் சொல்லியிருந்தார்கள். நான் பிரித்தேன். விஷயம் எப்படியோ வெளியே கசிந்தது. வண்டி ஓட்டுகிற ஒருவர் வந்து என் மேஜை முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

“அக்கா, நான் அவசியமில்லாதவனாமே? இதை எங்கம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லிடுங்க. என்னால முடியாது.”

அவசியமானவர்கள் வீட்டுக்குப் போக முடியாது, பேக்கரியிலேயே மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும் என்று மறுநாள் சொன்னேன். அன்று மதியத்துக்குள் எல்லோருக்கும் அவசியமில்லாதவராக ஆசை வந்துவிட்டது. அதே வண்டிக்காரர் மறுபடி வந்து, தன்னால் பேக்கரிக்கு எந்தப் பிரயோஜனமும் கிடையாது என்று விளக்கமாகச் சொன்னார். பல வருஷங்களாக நான் சந்தேகப்பட்டதுதான்.

கடைசியில் முதலாளி மெதுவாகக் கேட்டார். “என் பேர் எதுல இருக்கு?”

“நீங்க வீட்டுலேருந்தே ஃபோன்ல பேசிக்கலாம் முதலாளி. திட்டப்படி நீங்க அவசியமில்ல.”

அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

கம்பெனி அனுப்பிய ஆள் டன்பார். எங்கள் நாட்டுப் பையன்தான். உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் குழந்தையாக அமெரிக்கா போய், படித்து, போன வருஷம்தான் திரும்பியிருந்தான். பையன் என்று நான் சொல்கிறேன், நேரில் மிஸ்டர் டன்பார். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். நல்ல மனசு, சத்தமே இல்லாத செருப்பு. வந்த முதல் நாளே கை குலுக்குவதைத் தடை செய்தார். எங்கள் ஊரில் கையைக் குலுக்கி, பிரியும்போது இருவர் விரலும் சேர்ந்து சொடக்குப் போடாமல் ஒருவன் பொய்கூடச் சொல்ல ஆரம்பிக்க மாட்டான். காலையில் பேக்கரிக்குள் வந்தவர்கள் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். திருடர்கள் கூட்டம் மாதிரி இருந்தது.

பிறகு தரையில் மஞ்சள் கோடு போட்டார். யாராவது மயங்கி விழுந்தால் மற்றவர்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். மணி அடிக்க வேண்டும். வெள்ளை உடை போட்ட இரண்டு பேர் வந்து தூக்கிப் போவார்கள். வேறு யாரும் தொடக் கூடாது. தொட்டால் வேலை கிடையாது. இந்தக் கடைசி விதி கம்பெனியுடையது, முதலாளி கையெழுத்துப் போட்டார்.

எனக்கு அந்த விதியில் வருத்தம் இல்லை. எபோலா வருஷத்தில் தொடாதே என்றபோது கேட்டவர்கள் பிழைத்தார்கள். கேட்காதவர்களை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

நோயாளியாக நடிக்க ஆள் வேண்டும். யாரும் வரவில்லை. ஒரு மூட்டை அரிசி தருவதாக முதலாளி சொன்னார். அரிசி மூட்டையை எல்லோரும் பாசமாகப் பார்த்தார்கள். ஆனாலும் ஒருவரும் முன்னால் வரவில்லை.

“வாயால சொன்னாலே வந்து உக்காந்துக்கும் முதலாளி அது,” என்றாள் மாவு பிசைகிற ஒருத்தி. “விழுந்து வேற காட்டணுமா?”

அப்போது அடுப்பு வேலை பார்க்கும் நிம்லி, “நான் விழறேன்” என்றான். கடலோர க்ரூ இனத்து ஆள், வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம், இரண்டு கையிலும் அடுப்புச் சூடு பட்ட தழும்புகள். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவான், அதில் இரண்டு “ரொட்டி ரெடி” என்பதாக இருக்கும்.

“அரிசி உனக்குத்தான் அப்ப,” என்றார் முதலாளி.

“அரிசி வேண்டாம். எப்ப விழணும்னு மட்டும் சொல்லுங்க.”

அந்த வாரம் முழுக்க தினமும் காலையில் முதலாளி எல்லோரையும் கூட்டி வைத்து, இது ஒத்திகை, யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள் என்று சொன்னார். அவர் சொல்லச் சொல்ல முகங்கள் இருண்டன. எபோலா வருஷம் ரேடியோவிலும் முதலில் இப்படித்தானே சொன்னார்கள், ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று. அதன் பிறகு தெருவில் கிடந்த பிணங்களை எடுக்க ஆள் இல்லை.

“முதலாளி, நிஜமாவே ஒத்திகைதானா?”

“ஆமாம்ப்பா.”

“குரான் மேல?”

“குரான் மேல! எத்தனை வாட்டி சொல்றது?”

“அப்ப ஏன் இப்படிக் கோவப்படறீங்க?”

ஒத்திகை நாள் வந்தது. மாவு பிசையும் மெஷினுக்குப் பக்கத்தில் நிம்லி வயிற்றைப் பிடித்தான், முனகினான், விழுந்தான். அவ்வளவு பெரிய உடம்பு விழுந்ததில் தட்டுகள் எல்லாம் கடகடவென்று ஆடின. நன்றாகத்தான் விழுந்தான். அதுதான் தப்பாகப் போயிற்று.

மஞ்சள் கோட்டில் யாரும் நிற்கவில்லை. கோடு இருந்ததே யாருக்கும் ஞாபகம் இல்லை. முன்வாசல், பின்வாசல், ஜன்னல், சரக்கு ஏற்றும் சந்து, எதில் இடம் இருந்ததோ அதில் ஓடினார்கள். மணி அடிக்க வேண்டியவர் மணியோடு ஓடினார், ஆகவே அது அடித்துக்கொண்டே போயிற்று. நோயாளியைத் தூக்க வேண்டிய இரண்டு பேரும் தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடையோடு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மெயின் ரோட்டில், பழைய சிக்னல் விளக்கால் பேர் வாங்கிய ரெட்லைட் சந்தை வழியாக ஓடினார்கள். சந்தைப் பெண்கள் அந்த உடையைப் பார்த்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. அது டுகுலி பேக்கரியிலிருந்து வெளியே ஓடி வந்தால் சந்தை என்ன நினைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முதலாளி பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்தார். அந்தச் சுவரை அவர் உயரத்துக்குக் கட்டச் சொன்னவரே அவர்தான். நான் எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். நான் முன்வாசல் வழியாக மரியாதையாக வெளியேறினேன். கொஞ்சம் வேகமாக.

எல்லோரும் மூச்சு வாங்கி, ஒருவரை ஒருவர் பார்த்து, வெட்கப்பட்டு, உள்ளே திரும்பியபோது டன்பார் மட்டும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வாயில் விசிலோடு நின்றுகொண்டிருந்தார். திட்டப்படி நின்ற ஒரே ஆள். எபோலா வருஷம் இந்த நாட்டில் இல்லாத ஒரே ஆளும் அவர்தான். நடுத்தரையில் பேக்கிங் வேலை பார்க்கும் லோர்ப்பு உட்கார்ந்திருந்தாள். நிம்லியின் தலை அவள் மடியில் இருந்தது. தன் தலைத்துணியை அவிழ்த்து அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிம்லி கண்ணை இறுக மூடியிருந்தான். நடிப்பை எப்போது நிறுத்துவது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை போல.

அன்று சாயங்காலம் ஒரு ரொட்டிகூட விற்கவில்லை. மறுநாள் முதலாளி சந்தை நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க எங்கள் ரொட்டியைத் தின்றுகாட்டினார். மூன்றாவது ரொட்டியில் விக்கல் எடுத்தது, கூட்டம் சிதறி ஓடியது. வாரக் கடைசியில்தான் ஒருவழியாக நிலைமை சரியாயிற்று.

டன்பார் தன் தீர்ப்பை முதலாளி அறையில் சொன்னார். நானும் இருந்தேன். ஆட்களை வெளியேற்றும் வேகம் அபாரம் என்று பாராட்டினார். அவர் கேலி செய்யவில்லை, அவருக்கு அது வராது.

“ஓடினது பரவால்ல சார், பழக்கினா சரியாகிடும். ஆனா அந்தப் பொண்ணு தொட்டுட்டாங்க. தொட்டா வேலை கிடையாதுன்னு நீங்க கையெழுத்துப் போட்ட விதி. அவங்க நாளைக்கும் வேலைக்கு வந்தா உங்க திட்டம் வெறும் காகிதம்னுதான் நான் எழுதணும்.”

“எழுதினா?”

“ரொட்டி வாங்க மாட்டாங்க சார்.”

பாதி ரொட்டி போனால் பாதி ஆட்கள் போவார்கள். முதலாளி என்னைப் பார்த்தார். என்னிடம் பதில் இருந்தது. லோர்ப்பு விளையாட்டுக்குத் தொட்டாள், ஒத்திகைதானே என்று அசட்டையாக இருந்துவிட்டாள், இனி செய்ய மாட்டாள். இதை அவள் வாயால் சொல்ல வைத்து, ஒரு எச்சரிக்கையோடு முடித்துவிடலாம். அவளைக் கூப்பிட்டேன்.

முப்பது வயதிருக்கும். இரண்டு பிள்ளைகள், பள்ளிக்கூடச் சீருடைகள், வாடகை, ஊரில் ஒரு தம்பி, எல்லாம் அவள் சம்பளத்தில். என் எதிரில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“லோர்ப்பு, நான் சொல்றதைக் கேளு. ஒத்திகைன்னு தெரியும், அதான் தொட்டேன், தப்புதான்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத. உன் வேலை தப்பிச்சுக்கும்.”

“ஒத்திகையா?” என்றாள்.

“என்ன ஒத்திகையான்னு கேக்கற?”

“அக்கா, நான் அந்த வாரம் ஊர்ல இல்லையே. தம்பி குழந்தைக்குப் பேர் வைக்க சொந்த ஊர் பாங்காவுக்குப் போயிருந்தேன். அன்னைக்குக் காலையிலதான் டாக்சி பிடிச்சு வந்தேன். நேரமாயிடுச்சுன்னு பின்வாசல் வழியா நேரா பேக்கிங் போயிட்டேன். எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலை.”

அவள் லீவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டதே நான்தான், மறந்தே போயிருந்தேன். யார் சொல்லியிருப்பார்கள்? ஆளாளுக்கு, வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று விட்டுவிட்டார்கள். ஒத்திகை என்று தெரிந்த நாங்கள் அத்தனை பேரும் ஓடியிருக்கிறோம். தெரியாதவள் போய் மடியில் தூக்கி வைத்திருக்கிறாள்.

“அப்ப அவனுக்கு நிஜமாவே அதுன்னு நினைச்சுட்டா போன?”

“ஆமா.”

“பைத்தியமாடி உனக்கு? செத்திருப்ப. உன் பிள்ளைங்களுக்கும் கொண்டுபோய்க் கொடுத்திருப்ப.”

“தெரியும்க்கா.” தன் கைகளைப் பார்த்தாள். “எங்கம்மா அந்த வருஷம் பாங்கால செத்தாங்க. ரூம்ல ஒத்தையா கிடந்தாங்க. தண்ணி தண்ணின்னு கேட்டாங்க. உள்ள போகாதன்னு ஆஸ்பத்திரி ஆளுங்க சொன்னாங்க, நான் போகலை. வாசல்ல நின்னு குச்சியால தம்ளரைத் தள்ளினேன். குச்சி நீளம் பத்தலைக்கா. தம்ளர் கட்டில் வரைக்கும் போகலை.”

மேஜையிலிருந்த விதித் தாளை மடித்து டிராயரில் போட்டேன். 

“அவன் விழுந்ததைப் பாத்ததும் கால் தானா அவன்கிட்ட போயிடுச்சு,” என்றாள். “நான் போகணும்னு நினைக்கக்கூட இல்லை.”

“சரி. இதை அங்க சொல்லாத. தெரியும், விளையாட்டுக்குத் தொட்டேன்னு சொல்லு.”

“சொல்றேன்க்கா. எனக்கு இந்த வேலை வேணும்.”

சொன்னாள். முதலாளி அறையில், டன்பார் முன்னால், நான் சொல்லிக் கொடுத்தபடியே, ஒரு எழுத்து மாறாமல் சொன்னாள். டன்பார் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, “அப்ப இன்னும் மோசம்” என்றார்.

“எப்படி மோசம்?” என்றேன்.

“ஒத்திகைன்னு தெரிஞ்சும் விதியை மீறினா, அவங்க திட்டத்தை மதிக்கலைன்னு அர்த்தம்.”

“ஒத்திகைன்னு தெரியாம மீறியிருந்தா?”

“அப்ப ஆபத்தானவங்கன்னு அர்த்தம்.”

“பரவால்லையே. எந்தப் பக்கம் போனாலும் அவளை வெளிய அனுப்பத்தான் உங்க கதவு திறந்திருக்கு.”

“அப்படி இல்ல மேடம்,” என்றார் டன்பார்.

லோர்ப்பு என்னைப் பார்த்தாள். “அப்ப உண்மையைச் சொல்லிடறேன்க்கா,” என்று தம்ளர் கதையைச் சொன்னாள். முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். டன்பார் விசிலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். 

“எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. நிஜமா. ஆனா நிஜமாவே ஒருத்தர் விழுந்தா நீங்க மறுபடி போவீங்க. உங்களோட சேர்ந்து இங்க இருக்கற எல்லாரும் படுப்பாங்க. நான் என்ன எழுதறது?”

அவர் சொன்னது சரி. எனக்கு அதுதான் கோபமாக வந்தது.

“அவர் சொல்றது சரிதான் முதலாளி,” என்றாள் லோர்ப்பு.

முதலாளி திடீரென்று திரும்பினார். பேரம் பேசும்போது மட்டும் அவர் கடைசியாகப் பேசியவர் சொல்வதைக் கேட்க மாட்டார். “மிஸ்டர் டன்பார், ஸ்கூல்லகூட ஃபெயில் ஆனா மறுபடி பரீட்சை வைப்பாங்க. இன்னொரு ஒத்திகை வைங்க. எல்லாரும் பாக்க, விசில் ஊதற வரைக்கும் அவ கோட்டுக்குப் பின்னாடி நிக்கட்டும். நின்னுட்டா, திருந்திட்டான்னு எழுதுங்க. நிக்கலைன்னா...” நிறுத்தினார். “நிக்கலைன்னா நானே அனுப்பிடறேன்.”

டன்பார் ஒத்துக்கொண்டார். இந்த முறை நோயாளி எழுதிக் கொடுத்தபடி முழுசாக நடிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். எழுதியிருந்தது என்னவென்றால், விசில் ஊதும்வரை நோயாளி தண்ணீர் கேட்டுக் கூப்பிட வேண்டும். முதல் தடவை லோர்ப்பு அவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்ததால் அந்தப் பகுதி வரவே இல்லை.

“அதை மட்டும் விட்டுடலாமே,” என்றேன்.

“நிஜத்துல கேப்பாங்க இல்ல மேடம்?” என்றார். 

அந்த வாரம் பேக்கரியே லோர்ப்புவுக்குப் பயிற்சி கொடுத்தது. டீ நேரத்தில் ஆளுக்கு ஆள் அவள் முன்னால் விழுந்தார்கள். வண்டிக்காரர் நெஞ்சைப் பிடித்து, கண்ணைச் செருகி, அரைமணி நேரம் செத்தார். லோர்ப்பு கையைக் கட்டிக்கொண்டு கோட்டுக்குப் பின்னால் நின்று, “அண்ணே, சட்டை அழுக்காகுது” என்றாள். முதலாளியே ஒரு தடவை விழுந்து பார்த்தார், அவரைத் தூக்கத்தான் நாலு பேர் தேவைப்பட்டது. இவள் தேறிவிடுவாள் என்று எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது. நிம்லி மட்டும் பயிற்சிக்கு வரவில்லை. அடுப்புப் பக்கமே நின்றான்.

நடுவில் கல்லறை நாள் வந்தது. ஊரே வாளியும் பிரஷ்ஷுமாகப் போய்ச் செத்தவர்களின் கல்லறைகளுக்கு வெள்ளையடித்தது. மறுநாள் எல்லோர் நகத்திலும் சுண்ணாம்பு. லோர்ப்புவின் நகங்கள் சுத்தமாக இருந்தன. அந்த வருஷம் போனவர்களில் பல பேரை எங்கே புதைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்த மறுநாள்தான் ஒத்திகை.

எல்லோரும் கோட்டுக்குப் பின்னால் நின்றோம். இந்த முறை யாரும் ஓடவில்லை. முதலாளி சுவருக்கு முதுகைக் காட்டி, கால்களை அகட்டி நின்றார். லோர்ப்பு நடுவில், செருப்பு நுனி கோட்டைத் தொடும்படி நின்றாள். டன்பார் கையைத் தூக்கினார். நிம்லி விழுந்தான்.

“தண்ணி,” என்றான்.

அவன் குரலில் நடிப்பே இல்லை. வண்டிக்காரரின் குரல் மாதிரி அது இல்லை. வறண்டு, சின்னதாக, யாரையும் தொந்தரவு செய்ய விரும்பாத மாதிரி இருந்தது. அது எங்கிருந்து அவனுக்கு வந்தது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

“தண்ணி. கொஞ்சம் தண்ணி.”

லோர்ப்பு தன் ஏப்ரனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உடம்பு முன்னால் சாய்ந்தது. நான் பல்லைக் கடித்தேன். கால் நகரவில்லை. கண்ணிலிருந்து தாரையாக வழிந்தது, அவள் துடைக்கவில்லை. துடைக்கக் கையை எடுத்தால் கை எங்கே போகும் என்று அவளுக்கே பயம் போல. இது பொய் என்று இந்த முறை அவளுக்குத் தெரியும். தெரிந்து ஒரு பயனும் இல்லை.

“யாராவது இருக்கீங்களா? தண்ணி.”

பின்னால் யாரோ விசும்பினார்கள். நான் டன்பாரைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊதுடா பாவி என்று மனசுக்குள் சொன்னேன். மனசுக்குள் என்றுதான் நினைத்தேன், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நிம்லி தலையைத் திருப்பி லோர்ப்புவைப் பார்த்தான். மறுபடி கூப்பிட வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். பிறகு கையை ஊன்றி எழுந்தான். பேன்ட்டிலிருந்த மாவைத் தட்டினான்.

“மிஸ்டர் நிம்லி, விசில் ஊதலை,” என்றார் டன்பார். “படுங்க.”

“எனக்குக் குணமாயிடுச்சு.”

“குணமாக முடியாது. திட்டத்துல அப்படி இல்ல.”

“அப்ப உங்க திட்டம் சரியில்ல,” என்றான் நிம்லி. “அந்த வருஷம் எங்க தெருவுலேருந்து அஞ்சு பேரை எபோலாக் கூடாரத்துக்குத் தூக்கிட்டுப் போனாங்க. நான் நடந்து திரும்பி வந்தேன்.”

அவனுக்குப் பக்கத்திலிருந்த இரண்டு பேர் ஒரு அடி பின்னால் போனார்கள். பழக்க தோஷம். ஐந்து வருஷமாக அவனோடு ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டவர்கள்.

“ஏம்ப்பா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?” என்றார் முதலாளி.

“சொல்லியிருந்தா மார்த்தலின் அக்கா எனக்கு வேலை கொடுத்திருப்பாங்களா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மஞ்சள் கோட்டைப் பார்த்தேன். கொடுத்திருக்க மாட்டேன்.

கைகழுவ வாசலில் வைத்திருந்த, குழாய் பொருத்திய வாளிக்கு நிம்லி போனான். குளோரின் தண்ணீரில் முழங்கை வரைக்கும் நிதானமாகக் கைகழுவினான். பிறகு நடந்து வந்து, கோட்டைத் தாண்டி, லோர்ப்புவின் முன்னால் நின்றான். அவன் அவ்வளவு பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

“என்னைக் கூடாரத்துக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி எங்க அக்காவும் இப்படித்தான் வாசல்ல நின்னா. உள்ள வரலை. நான் கத்தினேன், அப்பவும் வரலை. அவ வராததாலதான் இன்னைக்கும் உயிரோட இருக்கா. எனக்கு அவமேல ஒரு நாளும் கோவம் இருந்ததில்ல லோர்ப்பு. உள்ள படுத்திருந்தவன் சொல்றேன்.”

லோர்ப்பு அவனை நிமிர்ந்து பார்த்தாள். “தாகம் ரொம்ப இருக்குமா?”

அவன் யோசித்தான். பொய் சொல்லிவிடு என்று நான் வேண்டிக்கொண்டேன்.

“இருக்கும்,” என்றான். “ஆனா வாசல்ல ஆள் நிக்குதுன்னு தெரியும்.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நாங்களும் அழுதோம், வெட்கம் என்ன இருக்கிறது இதில். மணி வைத்திருந்தவர் அழுததில் மணியும் கொஞ்சம் அடித்தது. முதலாளி டன்பாரிடம் போய், விரலால் தரையைக் காட்டினார்.

“அவ செருப்பைப் பாருங்க. கோட்டைத் தாண்டலை. அதை எழுதுங்க.”

டன்பார் குனிந்து பார்த்தார். லோர்ப்பு உட்கார்ந்திருந்தது கோட்டுக்குப் பின்னால்தான். தாண்டவில்லை என்று எழுதினார். பிறகு, ஏற்கெனவே ரொம்பத் தாமதமாகிவிட்ட விசிலை எடுத்து மெதுவாக ஊதினார்.

நிம்லி அடுப்பைப் பார்க்கப் போனான், ஒரு தட்டு கருகியிருந்தது. லோர்ப்பு முகத்தைக் கழுவிக்கொண்டு, தலைத்துணியைச் சரியாகக் கட்டிக்கொண்டு, பேக்கிங் பக்கம் போனாள். அவள் வேலை அங்கே இருந்தது.